நாலு விரல் மடிப்பு

ஒப்பந்தத் தாளில் மூன்றாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
நாலாவதைத் தனுஷ்கோடி சார்
பேனாவால் சேர்த்திருந்தார்:
நாற்காலி இழுக்கக் கூடாது.

செல்லூரில் மாடி வீடு.
கீழே அவர்கள், மேலே நாங்கள்,
நடுவில் அவருடைய மதியத் தூக்கம்.

முத்திருளன் லாரி ஓட்டிய காலத்தில்
கொடைக்கானலில் வாங்கிய ஸ்வெட்டர்
பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.
மதுரையில் அதற்கென்ன வேலை,
அந்துருண்டைக்குத் துணையிருப்பதைத் தவிர.
கழுத்திலிருந்து பிரித்தேன்.
பிரித்த நூல் நேராகவில்லை.
இருந்த இடத்தையெல்லாம் நினைப்பில் வைத்துச்
சுருண்டு சுருண்டு மடியில் ஏறியது.
இட்லிச் சட்டி ஆவியில் காட்டினேன்.
அடங்கியது.
குடைக்கம்பி இரண்டைத் தேய்த்து ஊசியாக்கி
நாலு நாற்காலிக்கும் பதினாறு காலுறை.
"நமக்கே இல்ல, நாற்காலிக்குச் சாக்ஸா"
என்று இவர் சிரித்த சிரிப்புக்குத்தான்
கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் தட்டினார்கள்.

ஆணி இல்லாத வீட்டில்
எதையும் கட்டித்தான் தொங்கவிட வேண்டும்.
தறிக்காரர் வீட்டில் கழித்துப்போட்ட பாவு நூலை
மூன்று புரியாய் முறுக்கி
ஜன்னல் கம்பிக்குக் கம்பி இழுத்தேன்.
அதில் திரை.
அரக்குச் சுங்குடி, முந்தி கிழிந்தது.
கட்டியவள் நான்,
கிழித்தது பெரியார் நிலையத்தில் ஒரு பஸ் கதவு.
எந்தத் திரை தைத்தாலும்
அடியில் நாலு விரல் உள்மடிப்பு விடுவேன்.
எதுக்கு இவ்வளவு துணியை வீணாக்குறே என்பார்.
வீணில்லை.
அது அடுத்த வீட்டு ஜன்னலுக்கு.

மாடிப்படியில் பெயிண்ட் வாளிகள்.
ஒன்றில் பீர்க்கு.
பூ வாங்கிய வாழைநாரைச் சேர்த்து வைத்துக்
கணுக் கணுவாய்க் கைப்பிடியோடு கட்டினேன்.
மேலே ஏறென்றால் அது கீழே இறங்கியது.
முதல் காய் காணாமல் போன அன்று
கீழ்வீட்டு அடுப்படியிலிருந்து
தோல் துவையல் வாசம் மட்டும் மேலே வந்தது.
இரண்டாம் காய்க்குக் கிண்ணமே வந்தது.
இந்திராணி அக்கா ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கிண்ணத்தில் கொஞ்சம் புதினா போட்டுத் திருப்பினேன்.

ஆறாவது வருஷம்
மீட்டர் பார்க்க வந்த சார்
கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.
"வீட்டை வீடா வச்சிருக்கீங்கம்மா."
அப்புறம் ஆயிரத்தைந்நூறு கூட்டிக் கேட்டார்.
"இந்த மாதிரி வீடு இந்தப் பக்கம் கிடைக்காது."
இந்த மாதிரி என்று
அவர் கை காட்டிய இடத்தில்
என் திரை ஆடிக்கொண்டிருந்தது.

அனுப்பானடியில்
அட்வான்ஸ் கேட்பதற்கு முன்
ஜன்னலை ஜாண் போட்டேன்.
குட்டியானையில் ஒரே நடை.
செம்மலர் மடியில் கத்தரி,
காலிடுக்கில் ஓமவல்லி.
பீர்க்கை மட்டும் கொண்டுவர முடியவில்லை.
அவர்கள் வீட்டுக் கைப்பிடியைப்
பிடித்த பிடி அப்படி.
ஸ்வெட்டரைப் பிரித்த கைதான்.
இதைப் பிரிக்கத் தெரியவில்லை.

புது ஜன்னல் உயரம்.
பிளேடால் அடித்தையலை அறுத்து
மடிப்பை இறக்கினேன்.
செல்லூர் வெயில் மற்றதையெல்லாம்
பழைய செங்கல் நிறமாக்கியிருந்தது.
உள்ளே இருந்த நாலு விரல் மட்டும்
கடையில் பிரித்துக் காட்டிய அன்றைய அரக்கு.
பார்டர் வச்ச மாதிரி இருக்கும்மா என்றாள் செம்மலர்.
இருக்கட்டும்.
ஓரம் அடித்தது போக
உள்ளே விட இனித் துணியில்லை.

இருட்டும்போது போன்.
இந்திராணி அக்கா, மெதுவான குரலில்:
"எத்தனை செம்பு ஊத்தணும்?"
அரிசி கழுவின தண்ணி, காலையில.
நாரை இறுக்கிறாதீங்க.

திரும்பிப் பார்த்தால்
இவர் நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்து
ஒவ்வொரு காலுக்கும் மாட்டிக்கொண்டிருந்தார்.
இது தரை வீடு.
கீழே மண்தான்.
சொல்ல வாயெடுத்தேன்.
"ஒண்ணு குறையுது" என்றார்,
சாக்குப் பையை உதறியபடி.